ஸ்ட்ராங் பீருக்குச் சின்ன பாட்டில் போதும்

1902 பிப்ரவரி 22 அன்று பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்ட், இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் இருந்த பாஸ் பீர் ஆலையைப் பார்க்க வந்தார். வந்த விருந்தாளியைச் சும்மா அனுப்பாமல், அரைத்த மால்ட்டையும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) வெந்நீரையும் சேர்த்து ஊறவைக்கும் வேலையை அவர் கையாலேயே தொடங்கிவைக்கச் சொன்னார்கள். அன்று ஊறியதிலிருந்து வந்த பீர், 'கிங்ஸ் ஏல்' என்ற பெயரில் பாட்டில்களில் அடைபட்டது. நூறு ஆண்டுகள் தாண்டியும் அவற்றில் சில திறக்கப்படாமல் இருக்கின்றன. அவ்வப்போது ஏலத்துக்கு வருகின்றன. வாங்கியவர்களில் சிலர் துணிந்து கார்க்கைப் பிடுங்கிக் குடித்தும் பார்த்திருக்கிறார்கள். நுரை கிடையாது, பொங்குவதும் கிடையாது. ஆனால் பழைய ஷெர்ரியையும் உலர்ந்த பழங்களையும் நினைவூட்டும் சுவை அதில் மிச்சமிருந்தது என்கிறார்கள்.

சாதாரண லாகர் பீர் இப்படித் தாங்காது. ஆறு மாதம் வெயிலிலும் குடோனிலும் கிடந்தாலே நனைந்த அட்டைப்பெட்டி வாடை எட்டிப் பார்க்கும். மன்னர் கைவைத்ததால் பீர் கெடாமல் இருந்துவிடவில்லை. அது பர்ட்டன்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த அடர்த்தியான ஏல் வகை. அந்தக் குடும்பத்தைத்தான் பார்லிவைன் என்கிறார்கள்.

பெயரில் வைன் இருந்தாலும் திராட்சைக்கு இங்கே வேலையில்லை. பார்லி, கசப்புக்கு ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர் - அவ்வளவுதான். ஆல்கஹால் மட்டும் 8 முதல் 12 சதவீதம், அதாவது ஏறக்குறைய திராட்சை வைன் அளவுக்கு. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி பீருக்கு 8 சதவீதம்தான் உச்சவரம்பு. ஆகவே நிஜமான பார்லிவைன் தமிழ்நாட்டின் டாஸ்மாக் கடைக்கு பீராக வந்துசேர வழியில்லை.

அப்படியிருக்க, கடைக்கே வராத ஒன்றைப் பற்றித் தமிழ் நாளிதழில் ஏன் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது. டாஸ்மாக்கில் பீர் கேட்பவர்களில் பெரும்பாலோர் கேட்பது 'ஸ்ட்ராங்'. இந்தியாவில் விற்கும் பீரில் ஐந்தில் நான்கு பங்கு அந்த வகைதான். வீரியமான பீரை எப்படிச் செய்வது, எந்த அளவில் ஊற்றுவது, எவ்வளவு நேரம் வைத்துக் குடிப்பது என்பதை 300 ஆண்டுகளாக யோசித்தவர்கள் வேறு ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்ததில் உருப்படியான பாதியை விட்டுவிட்டு, போதை என்ற மீதிப் பாதியை மட்டும் இந்தியா எடுத்துக்கொண்டிருக்கிறது.

பார்லிவைன் செய்முறை தமிழ்ச் சமையலறைக்கு எளிதில் விளங்கும். தேங்காய் துருவிப் பிழிந்தால் முதலில் வருவது கெட்டிப் பால், மறுபடி தண்ணீர் விட்டுப் பிழிந்தால் வருவது இரண்டாம் பால். முளைகட்டி உலர்த்தி அரைத்த பார்லியையும் இங்கிலாந்தில் இப்படித்தான் பிழிந்தார்கள். வெந்நீரில் ஊறவைத்து முதலில் வடித்த கெட்டிச் சாறு வீரியமான ஏலுக்குப் போனது. அதே பார்லியில் மறுபடி வெந்நீர் விட்டு வடித்தது, வீட்டு வேலையாட்கள் அன்றாடம் குடிக்கும் லேசான பீரானது. லண்டன் சிஸ்விக்கின் ஃபுல்லர்ஸ் ஆலை இந்தப் பழைய முறையை அண்மைக்காலம் வரை விடாமல் வைத்திருந்தது. ஒரே ஊறலின் சாறுகளை வெவ்வேறு விகிதத்தில் கலந்து, 8.5 சதவீத 'கோல்டன் பிரைடு' முதல் எளிய 'லண்டன் பிரைடு' வரை எடுத்தார்கள்.

கெட்டி என்றால் எவ்வளவு கெட்டி? 5 சதவீத ஆல்கஹால் தரும் சாறு ஒரு கிலோவில் சுமார் 120 கிராம் கரைந்த சர்க்கரைப் பொருள் இருக்கும். பார்லிவைனுக்கான சாற்றில் அது 240 கிராம் அளவுக்குப் போகும். இதைக் குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கவைப்பார்கள்; அதற்கும் மேல் கொதிக்கவைப்பவர்களும் உண்டு. தண்ணீர் ஆவியாகும், சாறு இறுகும், நிறம் சிவக்கும். சூட்டில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து நடத்தும் மெயில்லார்ட் வினையால்தான் டாஃபி, வறுத்த ரொட்டி மணமெல்லாம் வருகிறது. எசென்ஸ் எதுவும் ஊற்றுவதில்லை.

அடுத்த வேலை ஈஸ்ட்டுடையது. அதற்கு இது படு கஷ்டமான இடம். தொடக்கத்தில் சர்க்கரையின் அழுத்தம் அதை நசுக்கும். முடிவில் தானே உண்டாக்கிய ஆல்கஹால் அதைக் கொல்லப் பார்க்கும். அதனால் சாதாரண பீருக்குப் போடுவதைவிட நிறைய ஈஸ்ட்டைப் போட்டு, தொடக்கத்திலேயே ஆக்சிஜன் கொடுத்து, சூடு ஏறாமல் காவல் காக்க வேண்டும். காவல் தவறினால் கனமான ஆல்கஹால்கள் உருவாகும். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே நெயில் பாலிஷ் வாடை அடிக்கும், தொண்டையில் இறங்கும்போது எரியும். நல்ல பார்லிவைனும் நெஞ்சுக்குள் கதகதப்பைக் கொடுக்கும், ஆனால் எரியாது. நாக்கில் வைத்துத் தரம் பார்ப்பவர்கள் முதலில் தேடும் வித்தியாசம் இதுதான்.

இது முடிந்தாலும் உடனே விற்க முடியாது. மாதக்கணக்கில் தொட்டியிலோ பீப்பாயிலோ கிடக்க வேண்டும். ஆலை முதலாளிக்கு அது முடங்கிய பணம். இந்த வகை பீர் அடிக்கடி மறைந்துபோவதற்கும் அதுவே பெரிய காரணம்.

பழைய கதைக்கு வந்தால், 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிய பண்ணை வீடுகள் சொந்தமாக பீர் காய்ச்சின. புதுப் பார்லி கைக்கு வந்து, குளிரும் தொடங்கிய அக்டோபரில் காய்ச்சிய வீரியமான பீருக்கு மதிப்பு அதிகம். வாரிசு பிறந்தால் அந்த ஆண்டு ஒரு பீப்பாய் நிரப்பி மூடிவைத்து, பிள்ளைக்கு 21 வயதாகும்போது திறக்கும் வழக்கமும் சில குடும்பங்களில் இருந்தது. பர்ட்டன் நகரம் இதையே வியாபாரமாக்கியது. அங்கே காய்ச்சிய அடர்ந்த இனிப்பு ஏல், பால்டிக் கடல் வழியாக ரஷ்யாவுக்குப் போனது. 1822-ல் ரஷ்யா இறக்குமதித் தீர்வையை ஏற்றியதும் அந்தச் சந்தை மூடிக்கொண்டது. பிழைக்க வேறு ஊர் தேடிய பர்ட்டன்காரர்கள் இந்தியாவைப் பிடித்தார்கள். கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் பம்பாய்க்கும் கப்பலேறிய வெளிர்நிற, கசப்பான ஏல் வந்த வழி அது. இன்று பெங்களூரு இளைஞர்கள் ஐ.பி.ஏ. என்று கேட்டு வாங்கிக் குடிப்பதன் வேர் அங்கேதான் இருக்கிறது. அடர்ந்த ஏலோ உள்நாட்டிலேயே தங்கிவிட்டது. பின்னாளில் பாஸ் ஆலை தன் 'நம்பர் 1' ஏலை பார்லிவைன் என்று விற்கத் தொடங்கியது. பாஸின் சிவப்பு முக்கோணம் பிரிட்டனில் பதிவான முதல் வணிகச் சின்னம் என்பது பலருக்குத் தெரியும். நம்பர் 1 ஏலின் சிவப்பு வைரம் இரண்டாவது சின்னம் என்பது அவ்வளவாகத் தெரியாது.

வரி எப்போதும் பீரின் கூடவே வரும். 1880-ல் கிளாட்ஸ்டன் அரசு மால்ட்டுக்குப் போட்டுவந்த வரியை எடுத்துவிட்டு, காய்ச்சிய சாற்றின் அடர்த்திக்கு வரி போட்டது. சாறு எவ்வளவு கெட்டியோ அவ்வளவு வரி. முதல் உலகப் போர் தொடங்கிய 1914-லேயே அந்த வரி ஏறக்குறைய மூன்று மடங்கானது. பிறகு தானியப் பஞ்சமும் சேர்ந்துகொள்ள, பிரிட்டிஷ் பீரின் வீரியம் மளமளவென்று இறங்கியது. போருக்குப் பிறகும் பழைய நிலைக்கு அது திரும்பவே இல்லை.

அந்த நெருக்கடியைத் தாண்டிப் பிழைத்த பார்லிவைன், குட்டி பாட்டிலில் பிழைத்தது. 'நிப்' என்று அதற்குப் பெயர். மூன்றில் ஒரு பைன்ட், அதாவது 190 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவு. பப்பில் மற்றவர்கள் 568 மில்லிலிட்டர் பைன்ட் கிளாஸைத் தூக்கிக்கொண்டிருக்க, பார்லிவைன் கேட்டவருக்கு உள்ளங்கையில் அடங்கும் பாட்டில் ஒன்று வரும். ஷெஃபீல்டின் டெனன்ட்ஸ் ஆலை 1951-ல் 'கோல்டு லேபிள்' என்ற வெளிர்நிற பார்லிவைனைக் கொண்டுவந்தபோதும் இதே சின்ன பாட்டில்தான். 10 சதவீதத்துக்கு மேல் வீரியம் உள்ள அந்த பீர் பிரிட்டனெங்கும் சக்கைப்போடு போட்டது. 2011 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசு 7.5 சதவீதத்தைத் தாண்டும் பீருக்குக் கூடுதல் வரி போட்டது. கோல்டு லேபிள் இன்று வந்து நிற்பதும் சரியாக அந்த 7.5-ல்தான்.

பாட்டில் சின்னது என்பதைச் சும்மா கடந்துபோய்விடக் கூடாது. வியாபாரி தன் லாபத்துக்காகச் செய்ததாகவே இருக்கட்டும். ஆனால் விளைவைப் பாருங்கள்: 10 சதவீத பீர் 190 மில்லிலிட்டர் என்றால் உள்ளே இருக்கும் சுத்த ஆல்கஹால் 19 மில்லிலிட்டர். ஒரு பைன்ட் சாதாரண பீரில் இருப்பதைவிடவும் குறைவு. சதவீதம் ஏறியது, அளவு இறங்கியது, கணக்கு நேர்.

டார்செட் மாவட்டத்தின் டார்செஸ்டர் நகரில் இன்னொரு கதை நடந்தது. நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி பிறந்து வளர்ந்து வாழ்ந்த பகுதி அது. 1880-ல் வந்த 'தி ட்ரம்பெட் மேஜர்' நாவலில் அந்த ஊரின் வீரியமான பீரை ஹார்டி ரசித்து வர்ணித்திருப்பார். அவர் இறந்து 40 ஆண்டு நிறைந்த 1968-ல், ஊரிலிருந்த எல்ட்ரிட்ஜ் போப் ஆலை அந்த வர்ணனைக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு பீரைக் காய்ச்சியது. பெயர் 'தாமஸ் ஹார்டிஸ் ஏல்', வீரியம் சுமார் 12 சதவீதம். பாட்டிலில் ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். பத்திரமாக வைத்தால் 25 ஆண்டு வரை தரம் ஏறும் என்று லேபிளே வாக்குக் கொடுத்தது. ஒரே ஒரு விழாவுக்காகச் செய்தது, ஆட்கள் விடாமல் கேட்டதால் தொடர்ந்தது. 1999-ல் எல்ட்ரிட்ஜ் போப் அதை நிறுத்தியது. 2003-ல் டெவனின் ஓ'ஹான்லன்ஸ் எடுத்துச் செய்து 2008-ல் கைவிட்டது. தொட்டியை மாதக்கணக்கில் அடைத்துக்கொள்ளும் பீர் ஒரு சின்ன ஆலைக்குத் தாங்கவில்லை. பிறகு பெயர் ஓர் இத்தாலிய நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆங்கில நாவலாசிரியரின் பெயர் தாங்கிய பீர் இத்தாலியர்களின் தயவில் உயிரோடிருப்பது வேடிக்கைதான்.

அமெரிக்காவில் பார்லிவைனை மீட்டவர்கள், சிறு ஆலைகளில் காய்ச்சும் கிராஃப்ட் பீர்க்காரர்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் மூடும் நிலையிலிருந்த ஆங்கர் ஆலையை 1965-ல் ஃபிரிட்ஸ் மேடாக் வாங்கினார். அங்கே 1975-ல் வந்த 'ஓல்டு ஃபாக்ஹார்ன்', நவீன அமெரிக்காவின் முதல் பார்லிவைன். தொடக்கத்தில் அதுவும் சுமார் 200 மில்லிலிட்டர் குட்டி பாட்டிலில்தான் வந்தது. 1983-ல் சீகோ நகரத்து சியரா நெவாடா ஆலை 'பிக்ஃபுட்' என்று 9.6 சதவீதத்தில் ஒன்றைக் கொண்டுவந்தது. இங்கிலாந்துக்காரர்கள் மால்ட்டின் இனிப்பை முன்னால் நிறுத்தினால், இவர்கள் கேஸ்கேட், சென்டினியல், சினூக் என்று அமெரிக்க ஹாப்ஸைக் கொட்டிக் கசப்பை முன்னால் நிறுத்தினார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹெய்ட் தெருவில் 'டொரோனாடோ' என்ற பார் இருக்கிறது. அங்கே 1990-களிலிருந்து பிப்ரவரியில் நடந்துவந்த பார்லிவைன் திருவிழாவில் டஜன் கணக்கில் பார்லிவைன்கள் ஒரே நேரத்தில் குழாய் ஏறும். சின்னச் சின்ன கிளாஸ்களில் வாங்கி, மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்தவருக்குத் தள்ளுவது அந்த இடத்து வழக்கம்.

சுவை என்று இவ்வளவு பேசுகிறார்களே, கிளாஸில் அப்படி என்னதான் இருக்கிறது? மான்செஸ்டர் பக்கத்து ஜே.டபிள்யூ. லீஸ் ஆலையின் 'ஹார்வெஸ்ட் ஏல்' நல்ல உதாரணம். 1986-லிருந்து ஆண்டுக்கு ஒரு முறை, அந்த ஆண்டு அறுவடையான மாரிஸ் ஆட்டர் பார்லியிலும் கிழக்கு கென்ட் கோல்டிங்ஸ் ஹாப்ஸிலும் காய்ச்சுகிறார்கள். 11.5 சதவீதம். இதை ஐஸில் புதைத்துக் கொண்டுவரக் கூடாது. 10 முதல் 13 டிகிரி வரை சூடு வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் மேசையில் வைத்தால் சரியாக இருக்கும். அடி அகன்று வாய் குறுகிய கிளாஸில் 100 மில்லிலிட்டர், அதற்கு மேல் வேண்டாம். ஊற்றியதும் செம்பழுப்பு நிறம். நுரை கொஞ்சமாக எழும்பிச் சீக்கிரம் அடங்கும். கிளாஸைச் சுழற்றினால் விளிம்பிலிருந்து எண்ணெய் வழிவதுபோலக் கோடுகள் மெதுவாக இறங்கும்.

புதிதாக வந்த பாட்டில் என்றால் மூக்குக்கு முதலில் எட்டுவது டாஃபியும் தேனும். வாயில் வைத்தால் திகட்டும் இனிப்பு, அதன் பின்னாலேயே ஹாப்ஸின் கசப்பு, கடைசியில் நெஞ்சுக்குள் ஒரு சூடு. மூன்றும் தனித்தனியாக நிற்கும். ஒன்றோடொன்று இன்னும் பழகியிருக்காது. அதே பீரை ஐந்தோ பத்தோ ஆண்டு இருட்டான, குளிர்ச்சியான இடத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டுத் திறந்தால் வேறு பானம். கசப்பைத் தரும் ஹாப்ஸ் அமிலங்கள் காலப்போக்கில் சிதைந்துவிடுவதால் கசப்பு மங்கும். பாட்டிலுக்குள் மெல்ல நுழையும் ஆக்சிஜன் சாதாரண பீரைக் கெடுக்கும். ஆனால் இந்த அடர்த்தியான பீரில் உலர்திராட்சை, அத்தி, ஷெர்ரி மணங்களை எழுப்பும். பழைய பீரில் சொட்டலான் என்ற ஒரு வேதிப்பொருளும் உருவாகிறது. மதேரா, ஷெர்ரி போன்ற பழைய வைன்களின் மணத்துக்கு அது ஒரு காரணம். தமிழ் மூக்குக்கு அது அந்நியமில்லை. வெந்தயத்துக்கு அந்த மணத்தைக் கொடுப்பதும் இதே சொட்டலான்தான்.

பழையதெல்லாம் உசத்தி என்று எண்ணிவிடவும் வேண்டாம். பத்து ஆண்டு கழித்துத் திறந்த பாட்டில் சோயா சாஸ் வாடையோடு, அட்டையைக் கரைத்துக் குடிப்பதுபோலச் செத்துக் கிடப்பதும் சகஜம். அதைச் சொல்லாமல் வருடக் கணக்கைச் சொல்லி விலை ஏற்றுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

100 மில்லிலிட்டரைக் குடித்து முடிக்க அரை மணி நேரம் ஆகும். யாரும் கட்டாயப்படுத்தியல்ல; அவசரமாகக் குடிக்க அது தோதுப்படாது. அவ்வளவு அடர்த்தி, அவ்வளவு இனிப்பு. கிளாஸ் கையின் சூட்டில் மெல்லச் சூடேறும்போது மணமும் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் குடிப்பவரும் காத்திருக்கிறார். ஒரு பாட்டிலை மூன்று நான்கு பேர் பங்குபோட்டுக்கொள்வதுதான் இதற்குப் பொருத்தம்.

இதைக் கேட்டுவிட்டு கிராஃப்ட் பீர் ரசிகர்களை ஞானிகள் என்று நினைத்துவிட வேண்டாம். 2000-களில் அமெரிக்கச் சிறு ஆலைகள் பல, இதே வீரிய பீர்களை 22 அவுன்ஸ் பாட்டிலில் அடைத்தன. 'பாம்பர்' என்பது அதன் செல்லப்பெயர். அளவு 650 மில்லிலிட்டர், அதாவது இந்திய பீர் பாட்டிலின் அதே அளவு. 12 சதவீதம் என்றால் உள்ளே 78 மில்லிலிட்டர் சுத்த ஆல்கஹால். தமிழ்நாட்டுக் கணக்கில் ஒரு முழு குவார்ட்டர்! 42.8 சதவீத பிராந்தி 180 மில்லிலிட்டரில் இருப்பது 77. திருவிழாவில் ஆறு வகையை 100 மில்லிலிட்டர் வீதம் 'ருசி பார்ப்பவர்' 11 சதவீதக் கணக்கில் 66 மில்லிலிட்டரை உள்ளே தள்ளியிருப்பார். வைன் ருசி பார்ப்பவர்கள் வாயிலிட்டுத் துப்பிவிடுவார்கள். பீர்க்காரர்கள் கசப்பு தொண்டையில்தான் தெரியும் என்று சொல்லி விழுங்குவார்கள். டாஃபி, அத்தி என்று குறிப்பெழுதிக் குடித்தாலும் கல்லீரலுக்கு எல்லாம் ஒன்றுதான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னதையும் இங்கே விடாமல் சொல்ல வேண்டும்: ஆல்கஹாலில் உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 1988-லேயே ஆல்கஹால் பானங்களைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. பார்லிவைனுக்கு அதில் சலுகை ஏதும் இல்லை. எனவே இந்தக் கட்டுரை குடிக்கச் சொல்லவில்லை. குடிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அரசே விற்கிறது. அந்த விற்பனை எப்படி நடக்கிறது என்பதுதான் பேச்சு.

இந்திய ஸ்ட்ராங் பீர் எப்படிப்பட்டது? மால்ட்டோடு அரிசி, மக்காச்சோளம், சர்க்கரை போன்றவற்றைச் சேர்த்து, ஆல்கஹாலை ஏற்றி, உடம்பை லேசாக வைப்பது பரவலான முறை. சர்க்கரை முழுக்க ஆல்கஹாலாகிவிடும், சுவையாக எதையும் விட்டுவைக்காது. அதனால் உறைகிற குளிரில் குடிக்க வேண்டியிருக்கிறது. குளிர்ந்தால் நாக்கு மரத்துவிடும், எரிச்சலும் தெரியாது. டாஸ்மாக் கவுன்டரில் 'கூலிங் இருக்கா?' என்று கேட்பவர் அறியாமல் கேட்கவில்லை. கூலிங் இல்லாத ஸ்ட்ராங் பீர் எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

அந்த பாட்டில் 650 மில்லிலிட்டர். 8 சதவீதம் என்றால் 52 மில்லிலிட்டர் சுத்த ஆல்கஹால். 60 மில்லிலிட்டர் லார்ஜ் பெக் பிராந்தியில் இருப்பது கிட்டத்தட்ட 26. ஒரு ஸ்ட்ராங் பீர் குடித்தவர் இரண்டு லார்ஜ் அடித்தவர். 'பீர்தானே மச்சி' என்று சொல்லிவிட்டு பைக் சாவியை எடுக்கும் இளைஞருக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை. திறந்த பாட்டிலை மூடிவைக்க முடியாது, கூலிங் போவதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால் இருபது நிமிடத்தில் காலியாகிவிடும். இரண்டு பெக் பிராந்தியை இருபது நிமிடத்தில் குடிப்பவரைப் பார்த்தால் பக்கத்து மேசைக்காரர் கூட ஒரு வார்த்தை சொல்வார்.

தமிழ்நாட்டில் மது பற்றிய விவாதம் மூடு, திற என்ற இரண்டே சொல்லில் நடந்துவருகிறது. 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971-ல் கருணாநிதி அரசு அதைத் தளர்த்தியது. பிறகு மூடித் திறந்து, 2003-ல் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கைக்கு வந்தது. இன்றைக்கும் தேர்தல் வந்தால் கடைகளின் எண்ணிக்கைதான் பேச்சு. எந்த பாட்டிலில் எவ்வளவு, எந்தத் தரத்தில் என்ற கேள்வி சட்டமன்றத்திலும் தெருவிலும் எழுவதே அபூர்வம். மதுவிலக்குக் கேட்பவர்களுக்கு அது சமரசமாகப் படுகிறது, வருமானம் பார்ப்பவர்களுக்குத் தேவையில்லாத வேலையாகப் படுகிறது. நடுவில் குடிப்பவர் 650 மில்லிலிட்டரோடு நிற்கிறார்.

சின்ன பாட்டில் கொடுத்தால் இரண்டு வாங்கமாட்டாரா என்று கேட்கலாம். சிலர் வாங்குவார்கள்தான். ஆனால் முதல் பாட்டில் முடிந்ததும் இரண்டாவதுக்கு மறுபடி காசு எடுக்க வேண்டும், மறுபடி கவுன்டருக்குப் போக வேண்டும். அங்கே ஒரு நிமிடம் யோசிக்க இடம் கிடைக்கிறது. பெரிய பாட்டிலில் அந்த இடமே கிடையாது. திறந்த பிறகு எல்லாம் குடித்தே தீர வேண்டியது. நிப் பாட்டிலில் பார்லிவைன் குடித்தவர்களும் இரண்டாவது கேட்டிருப்பார்கள். ஆனாலும் அந்த அளவு பல பத்தாண்டுகள் நிலைத்து நின்றது.

தமிழ்நாடு அரசு செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. 5 சதவீதத்தைத் தாண்டும் எந்த பீரையும் 330 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட பாட்டிலிலோ கேனிலோ வாங்குவதில்லை என்று டாஸ்மாக் கொள்முதல் விதியில் ஒரு வரி சேர்க்கலாம். லேபிளில் சதவீதத்தோடு நிறுத்தாமல், 'இந்த பாட்டிலில் உள்ள ஆல்கஹால் இத்தனை லார்ஜ் பெக்குக்குச் சமம்' என்று தமிழில், கொட்டை எழுத்தில் போடச் சொல்லலாம். விற்பதும் அரசு, வாங்குவதும் அரசு. ஆலைகள் மறுக்க வழியில்லை. 325, 330 மில்லிலிட்டர் பாட்டில்களில் அடைக்கும் இயந்திரங்கள் இந்திய ஆலைகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன.